‘சொன்னார்’ என்று போடு

அன்புள்ள சரவணா,

கண்ணுக்குப் புது லென்ஸ் வைத்த பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. வரி கொஞ்சம் மேலும் கீழுமாக ஓடினால் சிரிக்காதே. உன் கையெழுத்தைப் பள்ளிக்கூடக் காலம் முழுக்கப் பொறுத்துக்கொண்டவள் நான். போனில் சொல்லியிருக்கலாம். சொல்லியும் பார்த்தேன். நீ ‘ம்’ கொட்டிக்கொண்டே வேறு எதையோ டைப் செய்துகொண்டிருந்தாய், அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. அடுத்த மாதம் டெல்லிக்குப் போகிறாய். இனிமேல் நீ செய்தி எழுதப் போவதில்லை, மற்றவர்கள் எழுதுவதைத் திருத்தி வெளியே விடப் போகிறாய் என்று உன் அப்பா தெருவெல்லாம் சொல்லி முடித்துவிட்டார். சந்தோஷம்தான். அதற்கு முன்னால் நீ எழுதியதில் ஒரே ஒரு வார்த்தையை மாற்ற வேண்டும். அதைக் கேட்கத்தான் இத்தனை பக்கம்.

படிக்கக்கூடாது, குனியக்கூடாது, அடுப்புப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சும்மா படுத்துக் கிடந்தேனே, அந்த நாட்கள் எனக்குப் பிடித்துப்போய்விட்டன. திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போய், தூங்கிக்கொண்டே திரும்பி வந்த ஜென்மம் இது. இந்த வீட்டில் மத்தியானம் எப்படி இருக்கும் என்பதே எனக்குத் தெரியாது. மத்தியானத்தில் கடலின் சத்தம் தணிகிறது. காற்று திரும்பியதும் சவுக்குத் தோப்பு ‘உஸ்’ஸென்று ஆரம்பிக்கிறது. எது கடல், எது தோப்பு என்று பிரிக்க முடியாமல், தூக்கமும் இல்லாமல் விழிப்பும் இல்லாமல் மிதந்துகொண்டிருப்பேன். உன் அப்பா சொட்டு மருந்து போட வருவார். அணு ஆராய்ச்சிக் கூடத்தில் வால்வு திறந்த மனிதர் இல்லையா, ‘மேலே பார், அசையாதே, முடிந்தது’ என்று வரிசையாக உத்தரவு போடுவார். மருந்து இறங்கியதும் மூடிய இமைக்குள் மஞ்சளாக ஒரு வெளிச்சம் பரவும். அதைப் பார்த்துக்கொண்டே மறுபடி மிதப்பேன்.

அப்போதுதான் உன் அப்பா போனில் ஒரு வசதியைக் கண்டுபிடித்தார். நீ எழுதிய இங்கிலீஷ் செய்தியைத் திறந்து ஒரு பட்டனை அழுத்தினால் ஒரு பெண் குரல் படிக்கிறது. மூச்சே விடாத பெண். உன் பெயரைச் ‘சாரா வானா’ என்று பிரித்து இரண்டு பேராக்கிவிடுகிறாள். ஆனாலும் என் மகன் எழுதியதை நான் முழுசாகக் கேட்டது அப்போதுதான். இத்தனை வருஷம் தலைப்பைப் பார்த்துவிட்டு, உன் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ‘நன்றாக இருந்தது கண்ணா’ என்று பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது பழையது புதியது எல்லாவற்றையும் அந்தப் பெண் ஓதிக்கொண்டே இருந்தாள், நான் பாதித் தூக்கத்தில் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

பாதித் தூக்கத்தில் காது கூர்மையாகிவிடும் போலிருக்கிறது. அமைச்சர் பேசினால் அவள் ‘செட்’ என்கிறாள், சொன்னார் என்று. இன்ஸ்பெக்டர் பேசினாலும் அதே ‘செட்’தான். செய்யூர்ப் பக்கம் ஏதோ ஒரு கிராமத்தில் வேர்க்கடலை போட்டவர் பேசினால் ‘கிளைம்டு’, அப்படிச் சொல்லிக்கொள்கிறார் என்று. கட்டட வேலைக்கு வந்த பெண் பேசினாலும் ‘கிளைம்டு’. எல்லோரும் வாயைத் திறந்துதானே பேசியிருக்கிறார்கள், இவர்களுக்கு மட்டும் ஏன் வேறு சொல் என்று எனக்கு ஒரு உறுத்தல். இன்சூரன்ஸ் ஆபீசில் சர்வீஸ் முழுக்கக் கிளைம் செக்‌ஷனில் உட்கார்ந்தவள் நான். அந்த வார்த்தை காதில் விழுந்தால் என் பெயரைக் கூப்பிட்ட மாதிரி எழுந்து உட்கார்ந்துவிடுவேன். எங்கள் ஆபீசில் கிளைம் என்றால் உரிமை. கணவனைப் பறிகொடுத்துவிட்டு என் மேஜைக்கு வந்து நின்றவளை யாரும் சந்தேகமாகப் பார்த்ததில்லை. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் பேப்பரையே கேட்போம்.

பிறகு அவள் அந்த ஞாயிற்றுக்கிழமைச் செய்தியைப் படித்தாள். தலைப்பிலேயே கடல் ஒரு மாணவனை ‘கிளைம்’ செய்தது என்று இருந்தது. உயிரைப் பறித்தது என்பதை நீங்கள் அப்படிச் சொல்வீர்களாமே. அதைக் கேட்டபடியே தூங்கிப்போய் ஒரு கனவு கண்டேன். செங்கல்பட்டு ஆபீஸ், பழைய மேஜை, ஜன்னல் வழியாகக் கொளவாய் ஏரிக் காற்று. கவுன்டருக்கு அந்தப் பக்கம் கடல் வந்து நிற்கிறது. புடவை சொட்டச் சொட்ட நிற்கும் ஒரு பெண்தான், ஆனால் அது கடல் என்று எனக்குத் தெரிந்திருக்கிறது. என்னம்மா வேண்டும் என்கிறேன். கிளைம் என்கிறாள். பையன் பாலிசியில் நாமினி நீங்களா, அவனுக்குப் பெற்ற தாய் இருக்கிறாளே, அவள் கையெழுத்து எங்கே என்று கேட்கிறேன். தரையில் தண்ணீர் ஏறுகிறது, ஃபைல்கள் மிதக்கின்றன, எனக்கு ஏனோ பயமே இல்லை, சீக்கிரம் கையெழுத்து வாங்கிவிட வேண்டும் என்ற அவசரம் மட்டும்தான். விழித்தபோது தலையணை நனைந்திருந்தது. கண் மருந்துதான் என்றார் உன் அப்பா.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நீ மறந்திருக்க மாட்டாய். பொத்தேரிப் பக்கம் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் பைக்கில் வந்தார்கள். இரண்டு பேரை அலை இழுத்தது. கரையில் வலை சீர்பார்த்துக்கொண்டிருந்த ஏகாம்பரம் லுங்கியோடு பாய்ந்தார். உனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நீ சாப்பிட்ட சங்கராவும் வஞ்சிரமும் அவர் பிடித்து, அவர் மனைவி கோவிந்தம்மா கூடையில் கொண்டுவந்து கொடுத்ததுதான். கூட்டம் சேரும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கடலுக்குப் போவதில்லை, யாராவது மாட்டிக்கொள்வார்கள் என்று கரையில்தான் இருப்பார். ஒரு பையன் பிழைத்தான். இன்னொருவன் மறுநாள் காலையில் தெற்கே சதுரங்கப்பட்டினம் பக்கம் ஒதுங்கினான். ஞாயிறன்றே நீ சென்னையிலிருந்து ஓடி வந்தாய். சாயங்காலம் ஏகாம்பரம் மணலில் குந்தியிருந்தார், உடம்பெல்லாம் உப்புப் பூத்திருந்தது, பல் தந்தியடித்துக்கொண்டிருந்தது. நான் உன் பக்கத்தில்தான் நின்றேன். உன்னிடம் அவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

“மொத தபா போனப்ப இந்தப் பையன் கெடச்சான், இட்டாந்து போட்டேன். ரெண்டாவது தபா போனேன் தம்பி. அந்தப் புள்ள கையி எங்கையில கீது. நல்லா புடிச்சிகினேன். அலை வந்து ஒரு சுத்து சுத்திச்சு பாரு, வழுக்கிகினு பூட்ச்சி.”

நீ நன்றாகத்தான் எழுதியிருந்தாய். ஆனால் அதில் இன்ஸ்பெக்டர் ‘சொன்னார்’. சுற்றுலாத் துறை அதிகாரி ‘சொன்னார்’. எல்லாம் முடிந்த பிறகு ஜீப்பில் வந்தவர்கள் அவர்கள். தண்ணீருக்குள் இருந்த ஒரே ஆள் ஏகாம்பரம். அவர் மட்டும் இரண்டாவது முறை போய்ப் பையனின் கையைப் பிடித்ததாக ‘கிளைம்டு’.

நான் உன்னிடம் கேட்டபோது நீ பொறுமையாகத்தான் விளக்கினாய். பார்த்த சாட்சி இல்லாத பேச்சுக்கு அந்த வார்த்தைதான் போடுவது, நாங்கள் உறுதி செய்யவில்லை என்று வாசகருக்குத் தெரிய வேண்டும் இல்லையா, அது தொழில் ஒழுங்கு என்றாய். எனக்கும் ஒழுங்கு தெரியும். சான்றிதழ் இல்லாமல் நானும் ஒரு ஃபைலையும் நகர்த்தியதில்லை. ஆனால் பிள்ளைகள் எச்சரிக்கைப் பலகையைத் தாண்டிப் போனார்கள் என்று இன்ஸ்பெக்டர் சொன்னதை மட்டும் யார் உறுதி செய்தார்கள்? அவர் தொப்பியா? ‘சொன்னார்’ என்று போட்டாலும் நீ உறுதி செய்ததாக ஆகாதே, அவர் சொன்னார் என்றுதானே ஆகும். இதைக் கேட்டபோதுதான் நீ டைப் அடிக்க ஆரம்பித்தாய்.

தமிழில் நமக்கு ஒரே ஒரு ‘ஆம்’ போதும். போனாராம், பிடித்தாராம். சாதாரணமாகச் சொன்னால் கேள்விப்பட்டது என்று அர்த்தம். கொஞ்சம் இழுத்துவிட்டால் ஆளைக் கவிழ்த்துவிடும். உன் அப்பா அந்த இழுப்பில் வித்வான். நீ சின்னப் பையனாக இருந்தபோது ஒரு விடியற்காலை, கடற்கரையில் ஆமை முட்டையிட்டுவிட்டுத் திரும்பிப் போவதைப் பார்த்ததாக மூச்சிரைக்க ஓடி வந்து சொன்னாய். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் ‘துரை ஆமையைப் பார்த்தாராம்’ என்று இழுத்தார். நீ அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். அதற்குள் தண்ணீர் ஏறித் தடத்தை அழித்துவிட்டிருந்தது. அன்றைக்கு முழுக்க நீ சாப்பிடவில்லை. ஆமை போனதற்கு அழவில்லை, நான் சொன்னால் போதாதா என்று அழுதாய். ஊட்டிவிட வந்த அப்பாவின் கையைத் தட்டிவிட்டாய். கடலில் நடந்ததற்குக் கடல் சாட்சி வைக்காது என்பதை நம் வீட்டில் முதலில் தெரிந்துகொண்டவன் நீதான்.

உன் செய்தி குப்பத்துக்குள் வந்தது இன்னொரு கூத்து. யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். இங்கிலீஷ் தெரிந்த ஒரு பையன் எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறான். ஏகாம்பரம், கிளைம்டு. நம் ஊரில் கிளைம் என்றால் என்னவென்று உனக்குத் தெரியாதா? வண்டி இடித்தால் கிளைம், படகு கவிழ்ந்தால் கிளைம், ஆள் போனால் கிளைம். பணம் கேட்பது என்பதைத் தவிர அந்த வார்த்தைக்கு இங்கே வேறு அர்த்தமே கிடையாது. மீன் கூடையை இறக்காமலே கோவிந்தம்மா என்னிடம் கேட்டாள்.

“யம்மா, எங்க வூட்டுக்காரு இன்னாவோ கிளைமு பண்ணிட்டாருன்னு உம்புள்ள போட்டுகீதாமே? இன்னா கிளைமு? எவ்ளோ வந்துச்சுன்னு ஊரே கேக்குது.”

முதலில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதை மறைக்க மாட்டேன். அவள் சிரிக்கவில்லை. ஏகாம்பரம் வீட்டில் ஒரு வழக்கம் உண்டாம். கடலில் இருந்து ஒரு ஆளைத் தூக்கி வந்தால், உயிரோடோ இல்லாமலோ, அந்த ஆளைச் சேர்ந்தவர்களிடம் ஒரு வாய் டீகூட வாங்கிக் குடிக்க மாட்டார்கள். அவர் அப்பா காலத்திலிருந்து அப்படி. வாங்கினால் கடல் இதை வியாபாரம் என்று நினைத்துக்கொள்ளுமாம், அடுத்த முறை ஆளைக் கொடுக்காதாம். பிழைத்த பையனின் தகப்பன் ஒரு வேட்டி சட்டை கொண்டுவந்து கொடுத்ததற்கே கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பியவர் அவர். அவரைப் பார்த்து இப்போது டீக்கடையில் ‘கிளைமு வந்துகினு கீறாரு’ என்கிறார்கள். விளையாட்டுக்குத்தான் சொல்கிறார்கள். அவர் டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் கரையில் உட்காருவதையும் நிறுத்திவிட்டார். இனிமேல் எவன் கத்தினாலும் இறங்க மாட்டேன் என்று கோவிந்தம்மாவிடம் சொல்லியிருக்கிறார்.

இதோடு நின்றிருந்தால் நான் குப்பத்துக்குப் போய் நாலு பேரிடம் அர்த்தம் சொல்லிச் சமாளித்திருப்பேன். எனக்குக் கண்கட்டு அவிழ்த்த கொஞ்ச நாளில், ஒரு சாயங்காலம், வாசலில் ஒரு அம்மா வந்து நின்றார். நாமக்கல் பக்கம். தனியாக பஸ் மாறி மாறி வந்திருக்கிறார். செய்தியில் வந்த மீனவரைப் பார்க்க வேண்டும் என்று விசாரித்தவரை, செய்தி போட்டவர் வீடு இதுதான் என்று யாரோ இங்கே அனுப்பியிருக்கிறார்கள். இறந்துபோன பையனின் அம்மா. பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. என்ன பாடம் என்று நான் கேட்டிருக்கக் கூடாது. இங்கிலீஷ் என்றார்.

நாற்காலியின் ஓரத்தில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். உன்னைக் குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. தம்பி நல்லா எழுதியிருக்காருங்க என்றார். பிறகு கேட்டார்.

“மத்தவங்களுக்கெல்லாம் சொன்னாருன்னு போட்டிருக்காரு. இவருக்கு மட்டும் ஏனுங்க கிளைம்டுன்னு போட்டிருக்காரு? அப்ப அவரு எம்பையன் கையைப் புடிக்கலீங்களா?”

சரவணா, நான் எத்தனையோ பேருக்குக் கவுன்டரில் பதில் சொன்னவள். அன்றைக்கு என்னிடம் இருந்த பதில் இவ்வளவுதான். ஏகாம்பரம் சொன்னதை நான் கேட்டேன், என் காதால் கேட்டேன் என்றேன். நீங்க பாத்தீங்களா என்றார். பார்க்கவில்லை என்றுதான் சொல்ல முடிந்தது. அந்த நேரத்தில் அந்த அம்மாவுக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான். கடைசியில் தன் பிள்ளை தண்ணீருக்குள் தனியாக இருந்தானா, அல்லது ஒரு மனிதன் கை அவன் கையைப் பிடித்திருந்ததா. இங்கிலீஷ் தெரியாத தாயாக இருந்திருந்தால் பிடித்தார் என்றே நம்பிவிட்டிருப்பார். இவர் அந்த வார்த்தையைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவர்.

கறுப்புக் கண்ணாடியோடு அவரைக் குப்பத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். வெயில் தாழ்ந்து எல்லாம் பாலில் நனைந்த மாதிரி தெரிந்தது எனக்கு. படகுகள், வலைக் குவியல், அந்த அம்மாவின் வெள்ளைப் புடவை ஓரம், எதற்கும் கோடு இல்லை. இப்படியே நடந்து போனால் எங்காவது அந்தப் பையனும் நின்றுகொண்டிருப்பான் என்று ஒரு நிமிஷம் எனக்குத் தோன்றியது. ஏகாம்பரம் எங்களைப் பார்த்ததும் எழுந்தார். யார் என்று நான் சொன்னேன். அவர் அந்த அம்மாவைப் பார்த்தார், பிறகு சுற்றிலும் எட்டிப் பார்க்கிற ஊரைப் பார்த்தார், பிறகு என்னை.

“எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா,” என்றார். “நான் ஒண்ணு சொன்னா அது இங்கிலீசுல வேற ஒண்ணா ஆவுது.”

அவ்வளவுதான். கோவிந்தம்மா அழுதுவிட்டாள். அந்த அம்மா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். ஈசிஆர் ரோட்டில் அவரை பஸ் ஏற்றிவிட்டேன். போன் நம்பர் மட்டும் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் நான் தனியாகப் போய் ஏகாம்பரத்திடம் சண்டையே போட்டேன். பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று கத்தினேன். அவர் வலையை விட்டுக் கையை எடுக்கவில்லை. அந்தப் பிள்ளை தன் கையில் இருந்தபோது ஒன்று சொன்னது என்றும், அதை அதன் அம்மாவிடம்தான் சொல்ல வேண்டும், என்னிடம் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். அப்புறம் தலையைத் தூக்கி ஒன்று கேட்டார்.

“உம்புள்ள என்னை நம்புனானா இல்லியா? அத்த மட்டும் கேட்டு சொல்லு.”

உன்னிடம் கேட்டேன். ‘நம்பினேன்மா, அன்றைக்கு அவர் பேசியதைக் கேட்டு நான் நம்பாமல் இருப்பேனா’ என்றாய். எனக்குக் கோபம் வந்ததும் அப்போதுதான். நீ நம்பாமல் அந்த வார்த்தையைப் போட்டிருந்தால்கூட ஒரு நியாயம் உண்டு. நம்பிவிட்டு, பழக்கதோஷத்தில் விரல் போன போக்கில் போட்டிருக்கிறாய். டெல்லியில் அந்த நாற்காலியில் உட்காரும்போது உன் விரலுக்குக் கீழே ஒரு நாளைக்கு எத்தனை ஏகாம்பரங்கள் வருவார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். எல்லோரையும் நம்பு என்று சொல்லவில்லை. சந்தேகம் இருந்தால் ஏன் சந்தேகம் என்று எழுது, அதற்கு உனக்கு இடம் இருக்கிறது. கேட்டதைக் கேட்டபடி ‘சொன்னார்’ என்று போடு. தொப்பி போட்டவருக்கு ஒன்று, லுங்கி கட்டினவருக்கு ஒன்று என்று இரண்டு சொல் வைத்துக்கொள்ளாதே.

அந்த வார்த்தையை மாற்று. கீழே திருத்தம் என்று ஒரு வரி போட வேண்டும் என்றால் போடு, பெயர் கெட்டுவிடாது. மாற்றிவிட்டு டெல்லிக்கு முன்னால் ஒரு நாள் இங்கே வா. ஏகாம்பரத்தின் முன்னால் உட்கார்ந்து, ஊர் கேட்கிற மாதிரி, தமிழில் அதைப் படித்துக் காட்டு. அதற்குப் பிறகு அவர் பேசுவார். நாமக்கல்லிலிருந்து அந்த அம்மாவை நான் வரச் சொல்கிறேன். ஏகாம்பரம் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியாது. அது எனக்குச் சேர வேண்டியதும் இல்லை.

போன வாரம் நீ கடைசியாகச் சொன்னது, பழைய செய்திம்மா, இத்தனை மாதத்துக்கு அப்புறம் அதையெல்லாம் யார் படிக்கப்போகிறார்கள் என்று. நேற்று அந்த அம்மாவுக்குப் போன் செய்தபோது, பேச்சோடு பேச்சாக, அதையே அவரிடம் கேட்டுவிட்டேன்.

“நான் படிக்கிறனுங்க. தினமும் காலைல எந்திரிச்சதும் போனை எடுத்துப் பாப்பேன், மாத்தியிருக்காங்களான்னு.”

மாற்றிவிடுவான் என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன்.

உன்,
அம்மா